பதவி போன பிறகு பரிவட்டம்: ஒரு முன்னாள் ஊராட்சித் தலைவருக்கு வழக்கறிஞரின் பதில்

கேள்வி (சுருக்கித் தந்திருக்கிறோம்):

கல்குளம் வட்டத்தில் ஒரு கிராம ஊராட்சிக்கு 2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை தலைவராக இருந்தேன். அப்போதெல்லாம் டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இருப்பவர்கள் எழும்புவார்கள். இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஊர் அம்மன் கோயில் சித்திரைக் கொடைத் திருவிழாவில் ஐந்து வருஷமும் எனக்குத்தான் முதல் பரிவட்டம். 2025-ல் வேறொருவருக்குக் கட்டினார்கள். நான் கட்டிய படிப்பகத்தின் கல்வெட்டில் என் பெயர்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 2025 நவம்பர் 9-ஆம் தேதி 240 பேர் உள்ள ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "தெருவெளக்கு வாங்கினதுல ஒரு லைட்டுக்கு ஆயிரம் ரூவா கமிஷன் அடிச்சவன், இப்ப யோக்கியன் மாரி பேசுகான்" என்று வாய்ஸ் போட்டார். அட்மின் அதை நீக்கவில்லை. 25 லட்சம் கேட்டு மானநஷ்ட வழக்கு போடலாமா? அட்மினையும் சேர்க்கலாமா? கோயில் மரியாதையை வழக்குப் போட்டு வாங்க முடியுமா? வீட்டில் "விட்டுத் தள்ளுங்க" என்கிறார்கள். மகன் "நான் வேற மாதிரி பாத்துக்கிடுதேன்" என்கிறான்.

பதில்:

அண்ணாச்சி, உங்கள் கடிதம் முழுக்க 'மானம் போச்சு' என்றே எழுதியிருக்கிறீர்கள். நான்கு இடத்தில் வருகிறது, நான்கிலும் வேறு பொருள். டீக்கடையில் நின்றுபோனது உபசாரம். கோயிலில் கைமாறியது மரியாதை. கல்வெட்டில் மறைந்தது பெயர். வாட்ஸ்அப்பில் அடிபட்டது நற்பெயர். நான்கையும் ஒரே சாக்கில் கட்டி கோர்ட்டுக்குத் தூக்கிப்போனால், நீதிபதி முதல் வாய்தாவிலேயே சாக்கை அவிழ்த்துவிடுவார். அதற்கு முன் நாமே அவிழ்த்துவிடுவது நல்லது.

மனிதனாகப் பிறந்த எவருக்கும் உள்ள கண்ணியம் என்ற பொருளில் சட்டம் காக்கும் மானம் இந்த நான்கில் எதுவும் இல்லை. அது பதவியோடு வருவதில்லை, அதனால் பதவியோடு போவதும் இல்லை. நம் குமரி மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் 1859 ஜூலை 26-ஆம் தேதி, அப்போது இங்கே ஆண்ட திருவிதாங்கூர் அரசு ஓர் அறிவிப்பு விட்டது. நாடார் பெண்கள் குப்பாயம் (மேல்சட்டை) போடலாம், மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர் சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் உடுத்தக் கூடாது என்று அதிலேயே ஒரு வால். மூடிக்கொள்வது மானம். 'அவர்களைப் போல' என்பது மரியாதை. முதலாவதைத் தடுக்க முடியாது என்றானதும் அதிகாரம் இரண்டாவதைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அந்த முதல் வகை இழப்பு உங்களுக்கு நடக்கவில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு தலைவரைப் பலர் பார்க்க சாதி சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் அது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும். அப்போது இந்தப் பதில் காவல் நிலையத்திலிருந்து தொடங்கியிருக்கும்.

டீக்கடை விஷயத்துக்குச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. எழும்பி நின்றவர்கள் நாற்காலிக்கு நின்றார்கள். நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரம் அரண்மனை உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். சுவாமி விக்கிரகங்களுக்கு முன்னால் அந்த வாள் திருவனந்தபுரத்துக்குப் போகிறது. இரண்டு மாநிலப் போலீசும் அணிவகுத்து மரியாதை தருகிறார்கள். வாளை ஏந்தி நடந்தவர் திரும்பி வந்து தக்கலை ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாரும் சல்யூட் அடிப்பதில்லை. அவரும் அதற்காக வக்கீலைப் பார்க்க வருவதில்லை.

இனி கோயில். இது கொஞ்சம் நுணுக்கமானது. இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இதே தகராறு இருப்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

கோயில் மரியாதையைச் சட்டம் அடியோடு ஒதுக்கவில்லை. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 63-வது பிரிவில் (e) என்றொரு உட்பிரிவு இருக்கிறது. வழக்கத்தின்படியோ வேறு வகையிலோ ஒருவருக்குக் கோயிலில் மரியாதையோ ஊதியமோ பெற உரிமை உண்டா என்று இணை ஆணையரோ துணை ஆணையரோ விசாரித்து முடிவு செய்யலாம். அந்த உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 60 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு. அதற்கும் மேலே போக 90 நாளுக்குள் நீதிமன்றத்தில் வழக்கு. நேரடியாக முன்சீப் கோர்ட்டில் போய் 'எனக்கு முதல் பரிவட்டம் கட்ட உத்தரவிடுங்கள்' என்று கேட்டால் நிற்காது. ஆழ்வார்திருநகரி கோயில் தீர்த்த மரியாதை வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: வெறும் மரியாதைக்காக சிவில் வழக்கு கிடையாது, கோயிலில் ஒரு பதவி இருந்து, அந்தப் பதவிக்குரிய பலனாக மரியாதை ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டுமே கேட்கலாம்.

உங்கள் நிலை இரண்டிலும் பலவீனம். வழக்கம் என்று நிரூபிக்க அது நெடுங்காலமாக, இடைவிடாமல், இன்னாருக்கு என்ற தெளிவோடு நடந்திருக்க வேண்டும். பழைய கொடை நோட்டீஸ்கள், வரவு செலவு நோட்டு, ஊர்க்கூட்டத் தீர்மானம், தலைமுறை தாண்டிய சாட்சிகள் வேண்டும். உங்கள் கையில் இருப்பது ஐந்து வருஷம். அந்த ஐந்தையும் எதிர்த்தரப்பு வக்கீல் எண்ணிப் பார்ப்பார். 2020 சித்திரையில் ஊரடங்கு. 2021 ஏப்ரல் 10 முதல் கோயில் திருவிழாக்களுக்கு அரசே தடை போட்டது. அந்த இரண்டு வருஷமும் கொடை எப்படி நடந்தது, பரிவட்டம் யார் கட்டினார்கள் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கையில் மிஞ்சுவது மூன்று. அந்த மூன்று வருஷ நோட்டீஸையும் எடுத்துப் பாருங்கள். 'ஊராட்சித் தலைவர் அவர்களுக்கு' என்று அச்சடித்திருந்தால் கதை முடிந்தது. உங்கள் பெயர் பக்கத்தில் இருந்தாலும் அது பதவிக்குத் தந்ததுதான்.

இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் மனுக் கொடுத்த மறுமாதம் துறையிலிருந்து கோயில் கணக்கைக் கேட்டு ஊர் நிர்வாகத்துக்குக் கடிதம் வரலாம். கோயிலை நிர்வகிக்கத் துறையே ஓர் ஆளை, அதாவது தக்காரை, நியமிப்பது வரைக்கும் போகலாம். ஊர் அப்போது பரிவட்டத்தை மறந்துவிட்டு, 'கோயிலை அரசாங்கத்துக்குக் காட்டிக்கொடுத்தவர்' என்று உங்களைப் பேசும். இந்த மனுவை நீங்கள் போட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கல்வெட்டு சின்ன விஷயம், ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. கட்டடம் ஊராட்சியின் சொத்து. அதில் சுண்ணாம்பு அடிக்கத் தனியாள் யாருக்கும் உரிமை இல்லை. வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, கிராம ஊராட்சிப் பிரிவுக்கு, போட்டோவோடு ஒரு பக்க மனு போதும். ஆனால் மனு எழுதும் முன் ஒன்றைப் பாருங்கள்: அந்தக் கல்லுக்கான செலவு மதிப்பீட்டில் இருந்ததா, தனியாக ஊராட்சி நிதியில் போட்டதா? மதிப்பீட்டில் இல்லாத கல்லுக்கு ஊராட்சிப் பணம் போயிருந்தால், உங்கள் மனுதான் தணிக்கைக்காரருக்கு முதல் துப்பு. கல் சரி என்றால் மனு கொடுங்கள். மழை நாளில் போய் போட்டோ எடுங்கள். சுண்ணாம்பு ஈரம் குடித்தால் வெட்டெழுத்து தானாகத் தெரியும்.

இப்போது அந்த வாய்ஸ். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேலை இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

அந்த ஒரு வாக்கியத்தை இரண்டாக வெட்டிப் பாருங்கள். 'யோக்கியன் மாரி பேசுகான்' என்பது அவருடைய அபிப்பிராயம். அதற்காக யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. 'ஒரு லைட்டுக்கு ஆயிரம் ரூவா கமிஷன் அடிச்சவன்' என்பது நடந்ததாகச் சொல்லும் செய்தி. அது மெய்யா பொய்யா என்று சோதிக்க முடியும். பெயர் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. தெருவிளக்கு, இன்ன ஊராட்சி, இன்ன காலம் என்றால் குழுவில் 240 பேருக்கும் ஆள் யார் என்று தெரியும். புகாரிலும் நோட்டீஸிலும் முதல் பாதியை மட்டும் பிடியுங்கள். இரண்டாம் பாதியையும் சேர்த்து எழுதினால் தொட்டாற்சுருங்கி என்ற எண்ணம்தான் நீதிபதிக்கு வரும்.

வழி இரண்டு. கிரிமினல் வழி பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாத குற்றம் இது. அதனால் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து பயனில்லை. நீங்களே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிநபர் புகார் தாக்கல் செய்ய வேண்டும். காலக்கெடு மூன்று ஆண்டு. 2024 ஜூலை 1-க்குப் பிறகு ஒரு மாற்றம் வந்திருக்கிறது: பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223-ன்படி, புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே எதிராளிக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். முன்போல அவருக்குத் தெரியாமல் சம்மன் வாங்கி அனுப்பி அதிர வைக்க முடியாது.

சிவில் வழி நஷ்டஈடு வழக்கு. இதற்குக் காலக்கெடு ஒரே ஓர் ஆண்டு. வாய்ஸ் வெளியான நாளிலிருந்து எண்ணினால் 2026 நவம்பர் 9. பலர் கிரிமினலின் மூன்று ஆண்டை மனதில் வைத்துக்கொண்டு சிவிலைக் கோட்டை விடுகிறார்கள். கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையில் 100-க்கு 3 ரூபாய். 25 லட்சம் கேட்டால் தாக்கல் செய்யும் அன்றே 75,000 ரூபாய் கட்ட வேண்டும்; 2 லட்சம் கேட்டால் 6,000. வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸுக்கு 25 லட்சம் என்று எழுதினால், நற்பெயரை மீட்க வந்தவர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஊரிலும் 'இதுலயும் கமிஷனா' என்று கேட்க ஆள் இருப்பார்கள்.

எந்த வழியில் போனாலும் உங்கள் முன் நிற்கும் சுவர் ஒன்றே. நீங்கள் தனியாள் அல்ல, பொதுப்பணம் கையாண்டவர். 356-வது பிரிவுக்குப் பத்து விதிவிலக்குகள் உண்டு. பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை முதலாவது. பொது ஊழியர் ஒருவரின் பதவி நடத்தையைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்து இரண்டாவது. பதவிக்காலம் முடிந்துவிட்டாலும் அந்தக் காலத்து வேலையைப் பற்றிய பேச்சுக்கு இது பொருந்தும். சிவிலிலும் 1994-ல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைவிடக் கடுமையாகச் சொன்னது: பதவிக் கடமை சார்ந்த விமர்சனத்துக்குப் பொது ஊழியர் நஷ்டஈடு கேட்க வேண்டுமானால், சொன்னது பொய் என்பது மட்டும் போதாது, உண்மையா என்று கொஞ்சமும் பாராமல் சொன்னார் என்று காட்ட வேண்டும். 2016-ல் அதே நீதிமன்றம் கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும், நற்பெயரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று தீர்ப்பளித்ததைச் சிலர் உங்களிடம் எடுத்துக்காட்டியிருக்கலாம். செல்லும் என்பதும் உங்கள் வழக்கு ஜெயிக்கும் என்பதும் ஒன்றல்ல.

அதிகாரத்தில் இருந்தவர் கூடுதல் விமர்சனத்தைத் தாங்க வேண்டும் என்பது அநியாயமாகத் தோன்றலாம். ஐந்து வருஷம் கூடுதல் மரியாதை வாங்கியதற்கான பாக்கி இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சுவரைத் தாண்ட ஏணி ஒன்றுதான்: கணக்கு. சட்டத்தில் 'நல்லெண்ணம்' என்றால் உரிய கவனத்தோடு செய்தது என்று பொருள். இன்றைக்கு எதிராளி 'ஊரில் பேசிக்கொண்டார்கள், நம்பிச் சொன்னேன்' என்று தப்பலாம். தெருவிளக்குக் கணக்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் அவர் அதையே சொன்னால், நல்லெண்ணம் என்ற கதவு அவருக்கு மூடிவிடும். அதனால் வழக்குக்கு முன்னால் கணக்கு வர வேண்டும்.

அந்தக் காகிதங்கள் இப்போது உங்கள் வசம் இல்லை, ஊராட்சி அலுவலகத்தில் இருக்கின்றன. பழைய பழக்கத்தில் ஊராட்சிச் செயலருக்கு போன் போட்டு 'அந்த ரிஜிஸ்டரை வீட்டுக்குக் கொண்டு வா' என்று சொல்லிவிடாதீர்கள். பதிவேடு ஒரு ராத்திரி உங்கள் வீட்டில் இருந்தது என்று தெரிந்தால் போதும், அதில் உள்ள எல்லா எழுத்தும் திருத்தியதாகிவிடும். தகவல் உரிமைச் சட்டத்தில் சாதாரணக் குடிமகனாக மனுப் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அலுவலகம் மாறி அனுப்பிவிட்டாலும் கவலை இல்லை, 5 நாளுக்குள் உரியவருக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

மனுவில் 'தெருவிளக்கு சம்பந்தமான எல்லா விவரமும்' என்று எழுதினால் ஒன்றும் வராது. ஆண்டைக் குறிப்பிட்டு, சான்றிட்ட நகலாக, இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: விளக்கு வாங்கத் தீர்மானம் போட்ட பக்கம், வந்த விலைப்புள்ளிகள், அவற்றின் ஒப்பீட்டுப் பட்டியல், விநியோக ஆணை, ஜி.எஸ்.டி. எண் உள்ள பில், இருப்புப் பதிவேட்டில் விளக்கு ஏறிய பக்கமும் இறங்கிய பக்கமும், பணம் கொடுத்த வவுச்சர், அந்த ஆண்டுத் தணிக்கை அறிக்கை, அதில் தடை (தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபணை) இருந்தால் அதற்குத் தந்த பதில்.

வந்ததும் முதலில் நீங்களே எதிராளியாக உட்கார்ந்து படியுங்கள். விலைப்புள்ளி மூன்றும் ஒரே கையெழுத்திலா? ஒரே நாளிலா? பில்லில் உள்ள விலைக்கும் அந்தக் காலத்துச் சந்தை விலைக்கும் எவ்வளவு தூரம்? பிறகு ஒரு நாள் சாயங்காலம் நோட்டும் பேனாவுமாகத் தெருத்தெருவாக நடங்கள். மின்கம்ப எண்ணை எழுதி, எதிரே விளக்கு இருக்கிறதா, எரிகிறதா என்று குறியுங்கள். பில்லில் 120 என்று இருந்து கம்பத்தில் 113 தான் நின்றால், மீதி ஏழும் எங்கே? இடி விழுந்து போனதா, வாரண்டியில் கடைக்குத் திரும்பிப் போனதா, ஸ்டோரில் கிடக்கிறதா? பதிவேட்டில் அந்த ஏழுக்கும் வரி இருக்க வேண்டும். குறுக்கு விசாரணையில் ஆயிரம் ரூபாய் கமிஷனைப் பற்றி ஒரு கேள்விகூட வராமல் போகலாம். அந்த ஏழு விளக்கைப் பற்றி நிச்சயம் வரும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முதலில் கூண்டில் ஏறுவது நீங்கள்தான், வாய்ஸ் போட்டவர் அல்ல.

இன்னொரு சாட்சி உங்களிடம் இருக்கிறார். ஊராட்சிப் பணத்தை விடுவிக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கமிஷன் குற்றச்சாட்டு மறைமுகமாக அவர்மேலும் விழுகிறது. அவரோடு உங்களுக்குப் பேச்சு இருக்கிறதா என்பது வேறு விஷயம். இல்லை என்றால் இப்போது தொடங்குங்கள்.

தணிக்கைத் தடை ஏதாவது நிலுவையில் இருந்தால் வழக்கை அப்படியே நிறுத்தி வையுங்கள். தடையைத் தீர்க்கும் வரை யாருக்கும் நோட்டீஸ்கூட அனுப்ப வேண்டாம். அவதூறு வழக்கில் எதிராளி விடுதலையானால், அதற்குக் காரணம் வெறும் சந்தேகத்தின் பலனாக இருந்தாலும், ஊரில் 'கோர்ட்டே சொல்லிட்டு' என்றுதான் பேச்சு வரும். 240 பேர் கேட்ட வாய்ஸை ஊர் முழுக்கக் கேட்கும்படி செய்ததுதான் மிச்சம்.

கணக்கு வருகிறவரைக்கும் வாய்ஸைப் பத்திரப்படுத்துங்கள். யாருக்கும் அதை பார்வர்டு செய்யாதீர்கள், 'பாத்தியா என்ன சொல்லியிருக்கான்' என்று சொந்தக்காரர்களுக்குக்கூட. நீங்களே பரப்பினீர்கள் என்று ஆகிவிடும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அதில் குரல் இருக்காது. குழுவின் உரையாடலை மீடியாவோடு எக்ஸ்போர்ட் செய்து ஒரு பென்டிரைவில் ஏற்றுங்கள். வாய்ஸ் வந்த அந்தப் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், சர்வீஸ் கடையில் விடாதீர்கள். பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ன்படி மின்னணுச் சான்றுக்கு இரண்டு பகுதியாகச் சான்றிதழ் வேண்டும்: முதல் பகுதி நீங்கள் தருவது, இரண்டாவது நிபுணர் தருவது. கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) இரண்டிலும் குறிக்க வேண்டும். இந்தச் சான்றிதழ் இல்லாமல் வாய்ஸை மட்டும் நம்பிப் போய், கடைசியில் அது கோர்ட்டில் ஏறாமலே தோற்ற வழக்குகள் ஏராளம். குழுவில் இருந்து அதைக் கேட்ட இரண்டு பேர் சாட்சிக்கு வேண்டும்; உங்கள் கட்சிக்காரரோ சம்பந்தியோ வேண்டாம். வாய்ஸில் உள்ளதை ஒரு எழுத்து மாறாமல் எழுதி வையுங்கள். 'பேசுகான்' என்பதை 'பேசுகிறான்' என்று திருத்தக் கூடாது.

அட்மினை விட்டுவிடுங்கள். வெறும் அட்மின் என்பதற்காக, மற்றவர் போட்ட பதிவுக்கு அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. நம் மாவட்டத்துக்கு அதுதான் உயர் நீதிமன்றம். அவரைச் சேர்த்தால் வழக்கு பலவீனமாகும், ஒரு நடுநிலைச் சாட்சியும் கைவிட்டுப் போகும்.

கணக்கு சுத்தம் என்று உறுதியானால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பணத்தைக் கேட்காமல், சொன்ன இடத்திலேயே திருத்தத்தைக் கேளுங்கள். நடுப்பகுதி இந்த அளவில் இருந்தால் போதும்:

"தாங்கள் 9.11.2025 அன்று இன்ன பெயருள்ள வாட்ஸ்அப் குழுவில், எமது கட்சிக்காரர் தெருவிளக்கு ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் கமிஷன் பெற்றதாகக் குரல் பதிவு வெளியிட்டீர்கள். மேற்படி கொள்முதலின் தீர்மானம், விலைப்புள்ளி ஒப்பீடு, பில், இருப்புப் பதிவேடு, தணிக்கை அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் 38 பக்கம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் படித்துப் பார்த்து, இந்த அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் அதே குழுவில், 'கமிஷன் பற்றி நான் சொன்னதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, அதைத் திரும்பப் பெறுகிறேன்' என்று எழுத்தில் பதிவிடக் கோருகிறோம். தங்களிடம் ஆதாரம் இருப்பின் அதே காலத்துக்குள் எமக்கு அனுப்பவும்."

அந்தக் கடைசி வரியை உங்கள் வக்கீல் அடித்துவிடப் பார்ப்பார், விடாதீர்கள். ஆதாரம் கேட்டும் தரவில்லை என்பது பிறகு கோர்ட்டில் உங்களுக்குப் பெரிய பலம். 'காலில் விழுந்து மன்னிப்பு', 'கோயில் நடையில் சத்தியம்' மாதிரி நிபந்தனைகள் எதுவும் வேண்டாம். நீங்கள் அவருடைய மானத்தைக் கேட்டால், அவர் கணக்கைப் பேசாமல் மானத்தைப் பேச ஆரம்பித்துவிடுவார். ஊரும் அவர் பக்கம் சாயும்.

நோட்டீஸோடு சமமாக இன்னொரு வேலையும் நடக்கட்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் நடத்துவார். வாக்காளராகக் கீழே உட்கார்ந்து, தெருவிளக்குக் கொள்முதல் கணக்கைக் கூட்டத்தில் வாசித்து நடவடிக்கைக் குறிப்பில் பதியும்படி எழுத்தில் கேளுங்கள். மேடையில் நாற்காலி போட்டால் மறுத்துவிடுங்கள். கேள்வி வந்தால் தொகையை மட்டும் சொல்லுங்கள். யார் சொன்னார், ஏன் சொன்னார் என்ற பேச்சுக்குள் போகாதீர்கள். வாய்ஸ் போட்டவரும் அங்கே இருக்கலாம். அவர் பெயர் உங்கள் வாயில் வரக் கூடாது.

15 நாளில் பதில் இல்லை, அல்லது அதே குற்றச்சாட்டை மறுபடி சொன்னார் என்றால், தாலுகா சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு ஒருமுறை மனுக் கொடுத்துப் பாருங்கள்; செலவு கிடையாது. அதுவும் பலிக்காவிட்டால் கிரிமினல் புகாரை எடுத்துக்கொள்ளலாம். சிவிலும் வேண்டுமானால் சிறு தொகை போட்டு, இனிமேல் இதைச் சொல்லக் கூடாது என்ற தடையாணையை முக்கியமாகக் கேளுங்கள். ஆனால் மேலே சொன்ன நவம்பர் 9-ஐ காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். சமரசப் பேச்சு நடக்கிறது என்று அந்தத் தேதியைத் தாண்டவிட்டால், ஒரு நாள் தாமதத்தைக்கூட கோர்ட் மன்னிக்காது.

மகன் சொல்கிற 'வேற மாதிரி' பற்றி: அவர் எதிராளி வீட்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை மிரட்டினாலே பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவில் குற்ற மிரட்டல். அதோடு உங்கள் 38 பக்கக் கணக்கை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பதிலுக்கு வாய்ஸ் போடுவதும் அதே ரகம். ஊர்க் குழுவை அவர் போனில் மியூட்டில் போடச் சொல்லுங்கள். உங்கள் போனிலும் போட்டுவிடுங்கள், ஆனால் குழுவை விட்டு வெளியேற வேண்டாம். மறுப்பு வந்தால் அது உங்கள் போனிலேயே பதிவாக வேண்டும்.

அப்படி மறுப்பு வந்துவிட்டால் அதையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். கீழே ஒன்றும் எழுத வேண்டாம், கைகூப்பும் படம்கூட வேண்டாம். நோட்டீஸைத் திரும்பப் பெறுவதாக வக்கீல் மூலம் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அடுத்த சித்திரைக் கொடைக்குத் தலைக்கட்டு வரிக்கு ஆள் வரும்போது மற்ற வீட்டுக்கு என்ன தொகையோ அதே தொகையைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதலாக எழுதச் சொல்லாதீர்கள்.